அரிசியில் பூத்த பூசணம்

இரவில் நீர் ஊற்றி வைத்த சோறு காலையில் இளம்புளிப்போடு இருப்பதை நாம் அறிவோம். அரைத்து வைத்த இட்டலி மாவு விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுவதையும், உறை ஊற்றிய பால் தயிராகத் தோய்வதையும் நாள்தோறும் காண்கிறோம். அன்றாடம் நிகழ்வது ஆதலின் இதனை நாம் வியப்பதில்லை. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாம் உறங்கும்போது உழைத்ததன் பயன் அன்றோ அந்தப் புளிப்பு? நொதித்தல் உயிர்களின் செயலே என்பதனைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிறுவினார். உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலும், அதனைப் பிழிந்தெடுத்த சாற்றினாலேயே சர்க்கரை நொதிக்கும் என்பதனை எட்வர்டு பூக்னர் என்னும் ஜெர்மானியர் 1897இல் காட்டினார். நுண்ணுயிர் தன் உடலில் ஆக்கும் நொதிகளே வேலையைச் செய்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று.

புளிக்கவைத்த பொருள் உண்பதற்கு மட்டுமா பயன்படும்? தோலுக்கும் பயன்படும் என்னும் கருத்து இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. அரிசி, சோயா மொச்சை, கரும்பு, ஜின்செங் என்னும் கிழங்கு முதலிய பயிர்ப் பொருள்களை நொதிக்கச் செய்து, வடித்தெடுத்த நீரைக் களிம்புகளிலும் முகப்பூச்சுகளிலும் சேர்க்கின்றனர். இவ்வழக்கம் மிகத் தெளிவாக உருப்பெற்ற நாடுகளுள் ஒன்று ஜப்பான். நெல்லையே வாழ்வாகக் கொண்ட அந்நாட்டில் அரிசிக்கும் மேனி நலத்திற்கும் உள்ள உறவு மிகவும் பழையது. அரிசித் தவிட்டைச் சிறு துணிப்பையில் கட்டி, நீரில் நனைத்து முகத்தைத் தேய்த்துக் கழுவுவது எடோ காலத்துப் பெண்களின் வழக்கம். அரிசி களைந்த நீரால் கூந்தலை அலசுவதும் அங்கு உண்டு. கழுநீரின் அருமையை அறிந்த நம் பாட்டியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் ஆலைகளில் வாழ்நாள் எல்லாம் உழைத்த முதியவர்களின் முகம் சுருங்கியிருந்ததாம். கைகள் மட்டும் இளைஞரின் கைகளைப்போல் மென்மையாக இருந்தனவாம். இதனைக் கண்ட விஞ்ஞானிகள் வியந்து, அந்தக் கைகள் நாள்தோறும் அளைந்த நொதிக்கும் அரிசியில் ஏதோ ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என எண்ணித் தேடத் தொடங்கினர் என்பர். ஈஸ்ட் நொதித்த வடிநீரைக் கொண்டு 1980இல் அங்கு வெளிவந்த புகழ்பெற்ற முகநீர் ஒன்றின் விளம்பரத்திலும் இக்கதையே இடம்பெற்றது. இக்கதை எவ்வளவு உண்மை என்பதனைப் பிறகு ஆராய்வோம். அதற்கு முன் அந்த ஆலைக்குள் என்ன நடைபெறுகிறது என்று பார்த்து வருவோம். மதுவைப் பற்றி நமக்கு இங்கே அக்கறை இல்லை. அதனை ஆக்கும் நுண்ணுயிர்களைப் பற்றியே அக்கறை.

பனிக்காலமே அவ்வாலைகளுக்கு உரிய பருவம். குளிரில் வேண்டாத கிருமிகள் அடங்கியிருக்கும். நொதித்தலும் நிதானமாக நடைபெறும். முதலில் அரிசியைத் தீட்டுகின்றனர். நாம் உண்ணும் வெள்ளை அரிசியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தீட்டலில் கழிகிறது. உயர்ந்த சாக்கேயிற்கோ அரிசியின் பாதி எடை கழியும்வரை தீட்டுவதும் உண்டு. அவ்வாறு தீட்டிய அரிசியைக் களைந்து, ஊறவைத்து, ஆவியில் வேகவைக்கின்றனர். வெந்ததில் ஒரு பகுதியை மரச்சுவர் கொண்ட வெப்பமான அறைக்குக் கொண்டு சென்று பரப்பி, அதன்மீது மிக நுண்ணிய பச்சைப் பொடி ஒன்றைத் தூவுகின்றனர். அப்பொடி ஒரு பூசணத்தின் வித்துகள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நெல்லுக்கு விஞ்ஞானிகள் இட்ட ஒரைசா என்னும் பெயரிலிருந்தே அது வந்தது. அதனைத் தனியே பிரித்து ஆராய்ந்தவர் டோக்கியோ மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஹெர்மன் ஆல்பர்க் என்னும் ஜெர்மானியர், ஆண்டு 1876.

தூவிய பின் அறையை விட்டு நெடுநேரம் அகலுதல் இயலாது. பூசணம் வளரும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் மிகுந்தால் அது கெடும், குறைந்தால் வளராது. ஆகையால் நள்ளிரவிலும் எழுந்து வந்து அரிசியைக் கிளறியும், சிறு தட்டுகளில் பகிர்ந்தும், துணியால் மூடியும் காவல் காப்பர். ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஒவ்வோர் அரிசியும் வெண்ணிறப் பஞ்சு போர்த்தது போலாகும். வேகவைத்த கடலையை ஒத்த மணம் கமழும். இதற்கே கோஜி என்று பெயர். நம் வீட்டில் சோறு பூசணம் பூத்தால் கொட்டிவிடுகிறோம். அவர்களோ பூக்க வேண்டுமே என்று கண்விழித்துக் காத்திருக்கின்றனர்! அப்பூசணத்தை 2006இல் ஜப்பானிய வடிப்பியல் கழகம் 'தேசியப் பூசணம்' எனவே அறிவித்தது. கோஜியைக் கொண்டு சாக்கே முதலியன ஆக்கும் மரபுக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

கோஜி செய்யும் வேலை யாது? அரிசியில் உள்ள மாச்சத்து நீண்ட சங்கிலி போன்றது. அதனை ஈஸ்ட் உண்ண முடியாது. கோஜியின் நொதிகள் அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. புரதத்தை அறுத்து அமினோ அமிலங்கள் ஆக்குகின்றன. பின்னர்க் கோஜி, வெந்த அரிசி, நீர், ஈஸ்ட் ஆகியவை ஒரே தொட்டியில் கலக்கும்போது, பூசணத்தின் நொதிகள் ஒருபுறம் சர்க்கரையை ஆக்கிக்கொண்டே இருக்க, மறுபுறம் ஈஸ்ட் அதனைச் சாராயமாக மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த இரட்டை வேலை மூன்று நான்கு வாரங்கள் நீடிக்கும். பின்பு பிழிந்தெடுத்தால் எஞ்சுவது வெண்ணிறச் சக்கை. அதனை ஜப்பானியர் வீசிவிடுவதில்லை. காய்கறிகளை ஊறவைத்து ஊறுகாய் போடுவர். குடிக்கும் கூழ் காய்ச்சுவர். பெண்கள் முகத்தில் பூசிக் கழுவுவதும் உண்டு.

இனித் தோலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நம் மேல்தோலின் வெளிப்புற அடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. செங்கற்களை அடுக்கிச் சாந்து பூசியது போலச் செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கிறது. உள்ளே உள்ள நீர் வெளியேறாமலும், வெளியே உள்ள நச்சு உட்புகாமலும் காக்கும் மதில் அது. அந்த மதில் வறண்டு வெடிக்காமல் இருக்கத் தோலே சில ஈரம் காக்கும் பொருள்களை வைத்திருக்கிறது. அவற்றுள் பெரும்பங்கு அமினோ அமிலங்கள்; லாக்டிக் அமிலமும் ஒன்று. தயிருக்குப் புளிப்பைத் தருவதும் அந்த லாக்டிக் அமிலமே. மேலும், நலமான தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது.

இங்கேதான் நொதித்தலின் பயன் விளங்குகிறது. மூலக்கூற்று எடை ஏறத்தாழ 500-க்கு மேற்பட்ட பொருள்கள் மேல்தோல் என்னும் மதிலை எளிதில் கடப்பதில்லை. அரிசியின் மாச்சத்தும் புரதமும் அவ்வெல்லையை விடப் பன்மடங்கு பெரியவை. அரிசி மாவை முகத்தில் எத்தனை முறை அப்பினாலும் அவை தோலின் மீதே கிடந்து, கழுவும்போது நீங்கிவிடும். நொதிகள் அறுத்த பின்னரோ, தோல் ஏற்கெனவே தன்னிடத்தில் வைத்திருக்கும் அமினோ அமிலங்களைப் போன்ற சிறு பொருள்கள் கிடைக்கின்றன. அவை வெளியடுக்கில் கலந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். லாக்டிக் அமிலம் உதிர வேண்டிய பழைய செல்களின் பிடிப்பைத் தளர்த்தும். சோயா மொச்சையில் உள்ள ஐசோஃப்ளேவோன் என்னும் பொருள்கள் பெரும்பாலும் ஒரு சர்க்கரைத் துண்டோடு பிணைந்தே இருக்கின்றன. நொதித்தலில் அப்பிணைப்பு அறுபட்டு அவை விடுபடுகின்றன. கொரியாவில் ஜின்செங் கிழங்கை நொதிக்கச் செய்வதும் இதே நோக்கத்தால்தான். செடியில் பூட்டிக் கிடப்பதை நுண்ணுயிர் திறந்து தருகிறது என்று கொள்ளலாம்.

அப்படியாயின் சாக்கே ஆலை முதியவர்களின் கதை மெய்தானா? கதை அழகியது, சான்றாகப் போதாது. எத்தனை பேருடைய கைகளைப் பார்த்தனர்? அதே வயதுடைய உழவர், தச்சர் முதலியோரின் கைகளோடு ஒப்பிட்டனரா? அவர்கள் வேலை செய்வது வெயில் படாத ஆலையினுள் அல்லவா? தோலை முதுமையாக்குவதில் வெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நன்கு தெரிந்ததே. ஆகவே அந்த மென்மைக்குக் கோஜி காரணமாக இருக்கலாம். நிழலும் காரணமாக இருக்கலாம். நொதித்த வடிநீர் தோலின் ஈரத்தைக் காக்கிறது என்று கூறுதற்கு இடமுண்டு. முதுமையைத் துரத்துகிறது என்று விளம்பரம் கூறினால் நாம் நம்ப வேண்டுவதில்லை.

கோஜியிலிருந்து கிடைத்த பொருள்களுள் ஒன்றன் வரலாறு தனியே அறியத்தக்கது. 1907இல் சைட்டோ என்னும் ஜப்பானிய விஞ்ஞானி, கோஜிப் பூசணம் வளர்ந்த அரிசியில் ஓர் அமிலத்தைக் கண்டார். அதனை ஆராய்ந்து கோஜிக் அமிலம் எனப் பெயரிட்ட யபுத்தா என்பவர், 1924இல் அதன் அமைப்பையும் தெளிவாக்கினார். வாழைக்காயையோ கத்தரிக்காயையோ நறுக்கி வெளியில் வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. செம்பு அணுக்களைத் தன்னுள் கொண்ட ஒரு நொதியே அதற்குக் காரணம். அதற்கு உறவான டைரோசினேஸ் என்னும் நொதி நம் தோலிலும் உண்டு. மெலனின் என்னும் கருநிறமியை அதுவே ஆக்குவிக்கிறது. கோஜிக் அமிலம் அந்நொதியில் உள்ள செம்பைப் பற்றிக்கொள்ளும். பற்றவே நொதி முடங்கும். காயும் கறுக்காது, தோலிலும் நிறமி குறைவாக உண்டாகும்.

முகத்தில் படரும் கரும்படைக்கு இது மருந்து போல் உதவக்கூடும் என்று கண்டு, ஜப்பானியர் 1980களின் இறுதியில் களிம்புகளில் சேர்க்கத் தொடங்கினர். சர்க்கரைக் கரைசலில் பூசணத்தை வளர்த்து, அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுப்பது வழக்கம். காற்றும் ஒளியும் பட்டால் இவ்வமிலம் தானே பழுப்பாகிவிடும் என்பது வேடிக்கையான செய்தி! இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. படை என்பது வேறு, இயற்கையாய் அமைந்த தோல் நிறம் என்பது வேறு. மெலனின் வெயிலின் தீய கதிர்களைத் தடுத்து உடலைக் காக்கும் குடை. அக்குடையை நோய் என்று கருதி, வெளுப்பதற்காகக் களிம்பு தேடுவோர் நம்மிடையே பலர். பாதரசம் கலந்த களிம்பைப் பூசிச் சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு.

கோஜிக் அமிலம் அரிசியிலும் பூசணத்திலும் பிறந்த பொருள். அதில் தீங்கு என்ன இருக்கக்கூடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால், அதனை மிகுதியாக ஊட்டிய எலியினங்களில் கட்டிகள் தோன்றக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. ஜப்பானிய அரசு 2003இல் அதன் பயனை நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்ததோடு அமையாமல் மேலும் ஆராயச் செய்தது. களிம்பில் பூசும் சிறு அளவினால் கேடில்லை என்று தெளிந்த பின்னர், 2005இல் தடையை நீக்கியது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்போ 2024இல் சட்டம் இயற்றி, முகத்திலும் கையிலும் பூசும் பொருள்களில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அது இருத்தலாகாது என்று வரையறுத்தது. ஆராய்ந்து அளவு குறித்தலே இரண்டிடத்தும் நிகழ்ந்தது. இயற்கைப் பொருள் என்று விட்டுவிடவும் இல்லை, ஐயம் எழுந்தது என்று ஒரேயடியாக ஒழித்துவிடவும் இல்லை.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் துயரமானது. பிர்ச் என்னும் மரத்தின் பட்டை முதலியவற்றில் இயற்கையாகக் காணப்படும் ரோடோடெண்ட்ரால் என்னும் பொருளை ஜப்பானிலே நிறத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகளில் சேர்த்தனர். இது நொதித்தலால் கிடைப்பது அன்று. ஆயினும் கோஜிக் அமிலம் நாடும் அதே டைரோசினேஸ் நொதியையே இதுவும் நாடுகிறது. அரசின் ஒப்புதலும் பெற்றிருந்தது. ஆயினும் பூசியவர்களுட் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் தோன்றிப் படர்ந்தன. 2013 ஜூலையில் அப்பூச்சுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தோலில் உள்ள நொதியே அப்பொருளை நச்சாக மாற்றி, நிறமி ஆக்கும் செல்களைக் கொன்றுவிட்டது என்று பின்னர் அறிந்தனர். பூச்சை நிறுத்தியதும் பலருக்கு நிறம் மெல்லத் திரும்பியது. சிலருக்குத் திரும்பவே இல்லை.

இனி, "கோஜி நல்லது என்றால் நம் வீட்டிலேயே சோற்றில் பூசணம் பிடிக்கவைத்து முகத்தில் பூசிக்கொண்டால் என்ன?" என்று கேட்பீர்கள். ஒருபோதும் கூடாது. கோஜிப் பூசணத்திற்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அது வளரும். அஃப்ளாடாக்சின் என்னும் கொடிய நஞ்சை ஆக்கும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஓர் இலட்சம் வரை திடீரென மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்ததே காரணம் என்பது பின்னர்ப் புலப்பட்டது. இவ்விரு பூசணங்களையும் வெறுங்கண்ணால் பிரித்தறிதல் அரிது. பல நூற்றாண்டுகளாக மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்தமையால் கோஜிப் பூசணம் நஞ்சு ஆக்கும் தன்மையை இழந்திருக்கிறது. காட்டு விலங்கு வீட்டு விலங்கானது போன்றது இது.

அந்த நல்ல இனத்தைக் கலப்பின்றிக் காத்துவரும் வித்து வணிகக் குடும்பங்கள் ஜப்பானில் வழிவழியாக இருந்து வருகின்றன. வெந்த அரிசியில் மரச் சாம்பலைக் கலந்து அவர்கள் பூசணத்தை வளர்ப்பர். சாம்பலின் காரத்தில் ஏனைய கிருமிகள் பல மடியும். கோஜிப் பூசணம் பிழைத்து நிறைய வித்து விடும். நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கண்ணால் காணாத உயிர்களை இவ்வாறு களை எடுத்து வளர்க்கக் கற்றிருந்தனர் என்பதனை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது.

இன்றைய தொழிற்சாலையிலும் முறை அதுவே, கருவிகள்தாம் வேறு. அரிசிக் கரைசலையோ சோயாப் பாலையோ முதலில் சூடேற்றி அதிலுள்ள உயிர்களை எல்லாம் அழிக்கின்றனர். பிறகு இன்ன இனம் என்று தெரிந்த ஒரு நுண்ணுயிரை மட்டும் உறை ஊற்றுகின்றனர். வெப்பத்தையும் புளிப்பையும் அளந்துகொண்டே இருந்து, வேண்டிய நிலையில் நிறுத்தி, நுண்ணுயிர்களை வடிகட்டி நீக்குகின்றனர். எஞ்சிய தெளிந்த நீரில் கெடாமல் காக்கும் பொருளைச் சேர்ப்பது இன்றியமையாதது. நுண்ணுயிர்க்கு உணவாகும் சத்துகள் நிறைந்த நீர் விரைவில் கெடும் அன்றோ? பின்னர், சிறிதளவைத் துணியில் நனைத்துச் சிலருடைய முதுகிலோ கையிலோ ஒட்டி, 48 மணி நேரம் கழித்துத் தடிப்போ சிவப்போ உண்டா என்று சோதிக்கின்றனர்.

கடையில் வாங்கும் புட்டியின் மேலுள்ள தாளில் சேர்க்கைப் பொருள்களின் பெயர்கள் இருக்கும். 'ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்' என்று முடியும் பெயர் இருந்தால், நொதித்து வடித்த நீர் அதில் கலந்திருக்கிறது என்பது பொருள். பெரும்பாலும் மிகுதியாக உள்ள பொருளின் பெயர் முதலிலும், குறைந்தது பின்னரும் வரும். முன்புறத்தில் பெரிய எழுத்தில் புகழப்பட்ட பொருள் அப்பட்டியலின் கடைசி வரியில் ஒளிந்திருப்பதும் உண்டு. புதிய பூச்சு எதுவாயினும், முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பின்னரே முகத்திற்குக் கொண்டு செல்லுதல் நல்லது. எரிச்சலோ அரிப்போ தோன்றினால் உடனே கழுவிவிட்டு, நிற்காவிடில் மருத்துவரிடம் அந்தப் புட்டியையும் எடுத்துச் சென்று காட்டுதல் வேண்டும்.